விலாசத்தில் ஆள் இல்லை

முதியோர் பென்சன் மனு தள்ளுபடியாவதற்கு ஆயிரம் காரணம் எழுதலாம். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு காரணம் மட்டும் திரும்பத் திரும்ப வரும்: மனுதாரர் குறிப்பிட்ட விலாசத்தில் இல்லை. கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், பண்ணைப்புரம், போடி என்று மலையடிவாரம் நெடுக இந்த ஒற்றை வரி எத்தனையோ கிழவிகளின் மாதப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறது. வரி பொய்யில்லை. விசாரிக்க வந்த நேரத்தில் அந்த அம்மா உண்மையிலேயே வீட்டில் இல்லை. விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டோ கம்பமெட்டோ குமுளியோ கடந்து, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் ஏதோ ஒரு ஏலத்தோட்டத்தில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தார். உண்மையாக எழுதப்பட்ட வரி எப்படி இவ்வளவு தப்பான முடிவுக்குக் கொண்டுபோகிறது என்பதுதான் நெருடுகிறது.

அறுபது தாண்டியவர் ஏன் மலைக்குப் போக வேண்டும், நூறு நாள் வேலைக்குப் போகலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அந்த வேலை ஊராட்சிகளுக்கானது. கம்பமும் கூடலூரும் நகராட்சி. தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம் எல்லாம் பேரூராட்சி. பார்வைக்குப் பட்டிக்காடு, பதிவேட்டில் டவுன். வயலில் நடவும் களையும் இருக்கிற நாளில் கீழே வேலை உண்டு, மற்ற நாளில் ஜீப்தான். ஏலக்காய் எடுப்பு ஆடி ஆவணியில் சூடுபிடித்துத் தை, மாசி வரை இழுக்கும். எடுப்பு முடிந்து கூலி ஆள் குறைக்கும்போது ஜீப்பிலிருந்து முதலில் இறக்கிவிடப்படுவது வயதானவர்கள். ஆகவே இவர்களுக்கு வருசத்தில் பாதி நாள் வருமானம் இருக்கும், மீதி நாள் ரேசன் அரிசியும் கைமாத்தும். மனு போடும்போது கேட்கப்படும் “வருமானம் உண்டா” என்ற கேள்விக்கு ஐப்பசியில் ஒரு பதில், பங்குனியில் வேறு பதில்.

முதலில் எந்தப் பக்கம்

எல்லையில் இருப்பவர்களுக்கு எந்தத் திட்டம் என்பதற்கு முன்னால் எந்த மாநிலம் என்பதை முடிவுகட்ட வேண்டியிருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. செங்கோட்டையும் கன்னியாகுமரியும் இந்தப் பக்கம் வந்தன. கோடு போட்டவர்களுக்கு அன்றோடு வேலை முடிந்தது. பிறந்தது உத்தமபாளையம் தாலுகா, வாக்கப்பட்டது மேலே இடுக்கியில் நெடுங்கண்டம், பிள்ளைகள் திருப்பூரில், புருசன் செத்தது மலையில் என்றிருக்கும் ஓர் அம்மாவுக்கு அந்தக் கோடு இன்றும் தினசரி வேலை வைக்கிறது.

இரண்டு மாநிலத்தின் முறையும் அடிப்படையிலேயே வேறு. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. அது வருவாய்த் துறையின் கையில் இருக்கிறது. மனு இ-சேவை மையத்தில் பதிவாகி விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போய் முடிகிறது. கம்பத்துக்காரர்களுக்கு அவர் உத்தமபாளையத்தில், போடிக்காரர்களுக்குப் போடியிலேயே. கேரளத்தில் மனு வாங்குவதும் முடிவெடுப்பதும் உள்ளாட்சி. கிராமப் பஞ்சாயத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வார்டு மெம்பருக்கு ஆளைத் தெரியும். தொகையிலும் வித்தியாசம் உண்டு. இங்கே 2023இல் 1,000 ரூபாய் 1,200 ஆனது. அங்கே 1,600ஆக இருந்தது 2025 நவம்பரில் 2,000 ஆனது. இதில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 80க்கு மேல் 500. மீதி மாநிலம் போடுவது.

இந்தத் தொகை வித்தியாசத்தைக் கேட்டதும் பலர் மலைக்கு மேலே விலாசம் மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறார்கள். 800 ரூபாய் அவர்களுக்குச் சின்னப் பணமில்லை. ஆனால் கேரளத்தில் மஸ்டரிங் என்று ஒன்று உண்டு. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அட்சயா மையத்தில் (அங்கத்திய இ-சேவை மையம்) ரேகை வைத்து நிரூபிக்க வேண்டும். அதற்கென்று குறித்த காலத்தைத் தவறவிட்டால் பணம் நிற்கும். படுத்த படுக்கையாக இருந்தால் மையத்து ஆட்களே வீட்டுக்கு வந்து செய்வார்கள். அதற்கு அங்கே ஒரு வீடு இருக்க வேண்டுமே. எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஒண்டியிருப்பவர் லயத்தைக் காலி செய்த மறுநாள் எந்தப் பஞ்சாயத்துக்கும் சொந்தமில்லாதவர் ஆகிவிடுகிறார். ஆகவே தொகையைப் பார்க்காமல், உடம்பு முடியாமல் போனால் எந்தக் கட்டிலில் படுக்கப் போகிறார் என்று பார்த்துப் பக்கத்தை முடிவு செய்வதே சரி. மகள் நெடுங்கண்டத்தில் வீடு கட்டிக் கூப்பிட்டால் அந்தப் பக்கம், சொந்தக் குடிசை கோம்பையில் இருந்தால் இந்தப் பக்கம். இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பவருக்கு இரண்டு பக்கமும் பாதிப் பாதிதான் கிடைக்கும். பாதி என்றால் இந்த விசயத்தில் சைபர்.

மேலே நிலைத்துவிட்டவர்களுக்கு ஒரு தகவல். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசோடு எழுத்துப் போக்குவரத்து வைத்துக்கொள்ள இடம் தருகிறது. தமிழர் பெருவாரியாக வாழ்வதாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். மலையாளம் எழுதத் தெரியாது என்பதற்காக மனுவை அடுத்தவரிடம் எழுதக் கொடுத்து, அவர் புருசன் பெயரை ஒரு மாதிரியும் வீட்டுப் பெயரை ஒரு மாதிரியும் எழுதிவைத்து, அதைத் திருத்த ஒரு வருசம் அலைவதைவிடத் தெளிவான தமிழில் எழுதிக் கொடுப்பது மேல்.

கார்டுதான் ஆணிவேர்

பக்கத்தை முடிவு செய்ததும் பென்சன் மனுவுக்கு ஓடக் கூடாது. ரேசன் கார்டைச் சரிசெய்ய வேண்டும். மற்ற எல்லாக் காகிதமும் அதிலிருந்துதான் கிளை பிரிகிறது. இரு மாநிலத்திலும் கார்டில் ஆதார் ஏறியிருக்கிறது. ஆகவே இடுக்கிக் கார்டில் பெயர் இருக்கும்வரை தேனிக் கார்டில் சேர்க்கப் போனால் கணினி மறுக்கும், அல்லது சேர்ந்த பிறகு இரட்டைப் பதிவு என்று இரண்டிலும் சிக்கலாகும். முதலில் அங்கே அட்சயா வழியாகப் பெயர் நீக்க விண்ணப்பித்து, தாலுகா சப்ளை ஆபீசின் நீக்கல் சான்றைக் கையில் வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். கையில் வாங்காமல் “போட்டாச்சு” என்று வாய்ச்சொல்லை நம்பி வந்தவர்கள் அந்த ஒரு தாளுக்காக மறுபடி மலையேறுவது வாடிக்கை.

அரிசியைப் பொறுத்தவரை எல்லைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு, சரியாகப் புரிந்துகொண்டால். ஒரே நாடு ஒரே ரேசன் திட்டத்தில் தமிழ்நாட்டுக் கார்டு வைத்து வண்டன்மேட்டிலும் அரிசி வாங்கலாம், கேரளக் கார்டு வைத்துக் கம்பத்திலும் வாங்கலாம். ஆனால் எல்லாக் கார்டுக்கும் இல்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் கார்டுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) என்றோ பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். (அந்தியோதயா, பரம ஏழைக் குடும்பம்) என்றோ அச்சாகியிருக்க வேண்டும். முன்னால் ஓர் ‘என்’ மட்டும் சேர்ந்து என்.பி.எச்.எச். என்றிருந்தால் சொந்த ஊர்க் கடையில் அரிசி உண்டு, மேலே கிடையாது. கேரளத்தில் நிறத்தைப் பார்த்தால் போதும்: மஞ்சளும் ரோஸும் செல்லும், நீலமும் வெள்ளையும் செல்லாது. வெளி மாநிலத்தில் கிடைப்பது மத்திய அரசின் தானியம் மட்டும், பி.எச்.எச். என்றால் ஆளுக்கு 5 கிலோ. பருப்பு, பாமாயில், சர்க்கரை எல்லாம் சொந்த மாநிலத்தில்தான். இந்த எழுத்து வித்தியாசம் கடைக்காரருக்கே சில சமயம் விளங்காமல், “உங்க கார்டு இங்க ஓடாது” என்று பொதுவாகச் சொல்லி அனுப்பிவிடுவார்.

ஏலக்காய் எடுக்கிற கையில் ரேகை தேய்ந்துபோகும். தேயிலை கிள்ளுகிற விரலும் அப்படித்தான். ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பும்போது கிழவிகள் தங்கள் மேல்தான் குற்றம் என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பத்து விரலையும் முயன்று பார்க்கச் சொல்ல வேண்டும். பெருவிரல்தான் வைக்க வேண்டும் என்று விதியில்லை. விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, துளி எண்ணெய் தொட்டு வழித்துவிட்டு வைத்தால் பலருக்கு விழுகிறது. கருவிழிக் கருவி உள்ள கடையில் அதைக் கேட்கலாம். கடைக்கு வரவே முடியாதவர் தமக்குப் பதிலாக ஒருவரை நியமித்து, அதற்கான படிவத்தைக் கடையில் கொடுத்து வைக்கலாம். இது பல வருசமாக இருக்கிற வசதி, கேட்டால் மட்டும் கிடைப்பது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் தொடக்கத்தில் 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க ஏற்பட்டது. அதிலும் ஆள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதைக் கவனிக்கவும். எந்தத் திட்டத்தைத் தொட்டாலும் கடைசியில் அந்த வாசற்படிக்கே வந்து நிற்கிறோம்.

வயதும் சாவும்

ஆதார் முகாம் வந்தபோது பல கிழவிகளுக்கு வயதைக் கண்ணால் பார்த்து எழுதினார்கள். வருசம் மட்டும் ஏதோ ஒன்று, தேதி ஜனவரி 1. வாக்காளர் அட்டையில் 64, ஆதாரில் 57 என்றால் மனு ஆதாரோடு நிற்கும். பிறந்த தேதியைப் பொதுவாக ஒரே ஒரு தடவைதான் மாற்ற முடியும். ஆகவே கையில் வலுவான சான்று இல்லாமல் அவசரப்பட்டு அந்த ஒரு தடவையை வீணாக்கக் கூடாது. இரண்டு வருசம் கூட்டித் திருத்திவிட்டு, இன்னும் ஐந்து கூட்ட வேண்டியிருந்தது என்று பிறகு தெரிந்தால் கதவு சாத்தியாயிற்று.

ஆனால் புருசனை இழந்தவர் 60 வரை காத்திருக்கவே தேவையில்லை. ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு வயது 18 ஆனால் போதும். மத்திய அரசின் விதவை ஓய்வூதியத்துக்கு 40. ஐம்பது வயதில் புருசனைப் பறிகொடுத்தவர், வயது வரட்டும் என்று பத்து வருசம் சும்மா இருந்த கதைகள் இந்தப் பள்ளத்தாக்கில் தெருவுக்கு ஒன்று இருக்கும். புருசன் மலையில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு இறங்கிவராமலே போனவர்களுக்கும் ஒரு திட்டம் உண்டு: கணவரால் கைவிடப்பட்டவர், வயது 30க்குக் குறையாமல், பிரிந்து ஐந்து வருசமாவது ஆகியிருக்க வேண்டும். இதைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு பலர் மனுவில் “விதவை” என்று எழுதிவிடுகிறார்கள். இறப்புச் சான்று கேட்கும்போது முழிக்கிறார்கள்.

இறப்புச் சான்றுதான் எல்லையின் பெரிய முடிச்சு. இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். தோட்டத்தில் மாரடைப்பு வந்தோ மரம் விழுந்தோ ஒருவர் செத்தால், பகல் கூலிக்காரர்கள் உடலை வேனில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து அன்றே தகனம் செய்துவிடுகிறார்கள். மயானம் இங்கே, சாவு அங்கே. இங்கத்திய அலுவலகம் அங்கே போகச் சொல்லும். அங்கத்திய பஞ்சாயத்து யார் சொன்னது, எங்கே கிடந்தார் என்று கேட்கும். 21 நாளுக்குள் தெரிவித்துவிட்டால் செலவில்லாமல் முடிகிற காரியம். ஒரு வருசம் தாண்டினால் நடுவர் அளவில் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் பதிய முடியும். கருமாதி முடியுமுன் தோட்டத்து மேஸ்திரியையும் அங்கத்திய வார்டு மெம்பரையும் பார்த்துத் தகவல் கொடுத்துவிட வேண்டும். துக்க வீட்டில் இதைப் பேசுவது அநாகரிகம் என்று ஊரில் நினைக்கிறார்கள். உறவில் யாராவது ஒருவர் அந்த அநாகரிகத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த ஒரு நாள்

இனி அந்த ஸ்தல விசாரணை. மனு எண் வந்துவிட்டது, காகிதம் எல்லாம் சுத்தம். இதற்கு மேல் தீர்மானிப்பது ஐந்து நிமிடம். விஏஓ வருவதற்கு நாள் குறிப்பதில்லை. அவருக்குப் பட்டா, பயிர் அடங்கல், வெள்ளக் கணக்கு, தேர்தல் வேலை என்று தலைக்கு மேல் கிடக்கிறது. வேறொரு வேலையாக அந்தத் தெருவுக்கு வந்தவர் பையில் இருக்கும் நாலு மனுவையும் பார்த்துவிட்டுப் போவார். பெரும்பாலும் காலை 11 மணிக்கு மேல், மாலை 4 மணிக்குள். ஜீப் திரும்பி வருவது இருட்டும் நேரத்தில். ஆகவே அவர் பார்ப்பது பூட்டிய கதவையும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரையும்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர். கெடுக்க வேண்டும் என்று எதுவும் சொல்வதில்லை. “மலைக்குப் போயிருக்காக சார், சாயங்காலந்தான் வருவாக” என்பார். பிறகு பெருமையாக, “இந்த வயசுலயும் நம்மள மாதிரி மூணு ஆள் வேலை பாப்பாக” என்பார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால், “மகன் திருப்பூர்ல கம்பெனில இருக்கான், நல்லாத்தான் இருக்கான்.” தெருவில் ஒருத்தியை இப்படிச் சொல்வது மரியாதை. அதையே தாளில் எழுதினால்: மனுதாரர் கூலி வேலை செய்து வருமானம் ஈட்டுகிறார், ஆதரிக்க மகன் உள்ளார், விலாசத்தில் இல்லை. மூன்று வரியில் மூன்று தகுதியும் போயிற்று. ஆதரவற்றவர் என்பதுதான் இந்தத் திட்டத்தின் அடிப்படைச் சொல். ஆதரவில்லாததால் மலைக்குப் போகிறார், மலைக்குப் போவதால் ஆதரவற்றவர் இல்லை என்றாகிறார். வீட்டில் சுருண்டு படுத்திருந்தால் கிடைத்திருக்கும்.

விஏஓவைத் திட்டுவது சுலபம், நியாயமில்லை. அவர் பார்த்ததைத்தான் எழுதினார். விதி அவரைக் கேட்பது ஒரு நாளின் படம். கேட்க வேண்டியது ஒரு வருசத்தின் கணக்கு: எத்தனை மாதம் ஜீப் கூப்பிடுகிறது, கூப்பிடாத மாதத்தில் அடுப்பு எப்படி எரிகிறது, மகன் கடைசியாகப் பணம் அனுப்பியது எப்போது. சொத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று உச்சவரம்பு எழுதி வைத்தவர்கள் கூலிக்கும் அப்படி ஓர் ஆண்டு வரம்பை எழுதியிருக்கலாம். கேரளத்தில் ஆண்டு வருமானம் என்று கேட்பது இந்த வகையில் மேலானது. ஆனால் அங்கேயும் மெம்பருக்குத் தெரிவது ஓட்டு உள்ளவரை. லயத்தில் இருக்கும் ஓட்டில்லாத கிழவி அவருக்கும் கண்ணில் படுவதில்லை.

விதி மாறும்வரை செய்யக்கூடியது சில உண்டு. எதுவும் தந்திரமில்லை. மனு போடும்போது இ-சேவையில் யாருடைய போன் நம்பரைக் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கிழவியிடம் போன் இல்லை என்று மையத்தில் இருப்பவர் தன் நம்பரையே போட்டுவிடுவார். திருப்பூர் மகன் நம்பர் அதைவிட மோசம், குறுஞ்செய்தி வந்ததையே அவன் பார்த்திருக்க மாட்டான். பகலில் ஊரிலேயே இருக்கும் ஒருவரின் நம்பர் வேண்டும், பெட்டிக்கடைக்காரர், அங்கன்வாடி உதவியாளர், யாராவது. மனு எண் கிடைத்த அந்த வாரத்திலேயே ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, விஏஓ அலுவலகத்துக்கு நேரில் போய்த் தலையைக் காட்ட வேண்டும். அங்கே முக்கியமானவர் தலையாரி, இப்போது கிராம உதவியாளர் என்பார்கள். அவருக்கு முகம் தெரிந்துவிட்டால் “அந்த அம்மா புதன்கிழமைன்னா இருப்பாக” என்று சொல்ல ஒரு வாய் இருக்கும். எந்தெந்த நாள் வீட்டில் இருப்பார், எந்தெந்த மாதம் வேலை இருக்காது என்று நாலு வரி எழுதி மனுவோடு கொடுத்து வைப்பதும் உதவுகிறது. பொய் சொல்ல வேண்டாம். வேலைக்குப் போவதில்லை என்று எழுதிவிட்டு, ஏலக்கறை பிடித்த விரலோடு எதிரே நின்றால் மொத்த மனுவும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அறுவடை முடிந்த பங்குனி, சித்திரையில் மனு போடுவது நல்லது. அப்போது அவர் வீட்டில் இருப்பார், இல்லாமையும் வீட்டில் இருக்கும்.

தள்ளுபடி ஆனாலும் அத்தோடு முடிந்ததில்லை. என்ன காரணம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு புதிதாகப் போடலாம். வருசாவருசம் தாலுகாவில் நடக்கும் ஜமாபந்தி என்ற வருவாய்க் கணக்குத் தணிக்கையில் மனு கொடுக்கலாம். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசு குறைதீர் நாள் இருக்கிறது. முதல்வர் உதவி எண் 1100, மூத்த குடிமக்களுக்கான எண் 14567. மகன் உண்மையிலேயே வசதியாக இருந்து சோறு போடாமல் விட்டால், பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) முறையிடலாம், மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவு போட அதிகாரம் உண்டு. தாய்மார் இதற்குச் சம்மதிப்பது அபூர்வம். “பெத்த பிள்ளைய ஆபீசுல நிறுத்தவா” என்பார்கள். அதை வற்புறுத்துவதும் சரியாகப் படவில்லை.

பணம் வரத் தொடங்கிய பிறகு

உத்தரவு கிடைத்ததும் பலர் மறப்பது இரண்டு. பென்சன்காரர்களுக்கு ரேசன் கடையில் மாதம் 4 கிலோ அரிசி உண்டு. சத்துணவு மையத்தில் மதியம் சாப்பிடுபவர் என்றால் 2 கிலோ. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலை உண்டு. கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை.

வங்கிக் கணக்கு தனிக் கணக்காக இருக்கட்டும், மகனோடு கூட்டுக் கணக்கு வேண்டாம். ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தாரோ அங்கேதான் போய் விழும். மகளிர் குழுக் கடனுக்காகப் புதிதாக ஒரு கணக்கு திறந்து அங்கே ஆதாரைக் கொடுத்துவிட்டு, பழைய பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு “பணம் வரல” என்று அலைவது அடிக்கடி நடக்கிறது. வருசத்துக்கு 20 ரூபாய், 436 ரூபாய் என்று காணாமல் போனால் திருட்டில்லை, ஏதோ ஒரு நாள் கைநாட்டு வாங்கிய காப்பீட்டுத் திட்டத்தின் பிரீமியம். 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கு, 70 வயது வரை. மலைப்பாதையில் ஜீப்பில் போகிறவர்கள் அதை மட்டும் நிறுத்தாமல் வைத்திருப்பது புத்தி. வங்கி முகவர் வீட்டு வாசலில் கருவியோடு வந்து பணம் தரும்போது சீட்டு கேட்டு வாங்க வேண்டும். நூறு ரூபாய் “செலவுக்கு” எடுத்துக்கொள்வது பழக்கமாகிவிட்ட தெருக்கள் உண்டு. ரேகை வைத்துவிட்டு “சர்வர் இல்ல, நாளைக்கு வாங்க” என்று சொன்னால் அன்றைக்கே வங்கிக்குப் போய் பாஸ்புக்கைப் பதியச் சொல்ல வேண்டும்.

பணம் திடீரென்று நிற்பதற்கும் அதே பழைய வரிதான் காரணமாக வரும். மறு ஆய்வின்போது ஆள் இல்லை, மேலே மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கிவிட்டார், பட்டியலில் “வெளியூர் சென்றுவிட்டார்” என்று குறி விழுந்துவிட்டது. நீண்ட நாள் போகும்போது தலையாரியிடம் சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் வேண்டும், கோயில் பூசாரியிடம் சாவி கொடுப்பது போல.

மருந்துக்கும் இதே கதை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் ஆந்திர, கர்நாடக எல்லையோரக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிரசர், சர்க்கரை மாத்திரையைத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவருகிறார். மலைக்குப் போகிறவர் பகலில் இல்லாததால் தெருவில் ஒரு வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும் ஏற்பாட்டைத் தன்னார்வலரிடம் பேசி வைத்தால் போதும், அவர்களும் ஊர்ப் பெண்கள்தான். மருந்துப் புத்தகம் மட்டும் எப்போதும் ஜீப் பையில் இருக்கட்டும். மேலே மயங்கி விழுந்தால் அந்தப் பக்கத்து மருத்துவமனையில் முதலில் கேட்பது என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது.

தோட்டத்திலிருந்து இறங்கியவர்கள்

ஏலத்தோட்டத்துத் தினக்கூலிக்கும் தேயிலை எஸ்டேட் தொழிலாளிக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் பெயர் பதிந்து வேலை செய்தவருக்குப் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) உண்டு. பத்து வருசம் முடித்திருந்தால் 58 வயதில் மாதப் பென்சன், 2014 செப்டம்பரிலிருந்து குறைந்தது 1,000 ரூபாய். கேட்க வேண்டிய படிவம் 10டி. பத்து வருசத்துக்குக் குறைவென்றால் 10சி. கிராஜுவிட்டி (பணிக்கொடை) வேறு கணக்கு: தினக்கூலியை 15ஆல் பெருக்கி வேலை செய்த வருசத்தால் பெருக்க வேண்டும். 22 வருசம் என்றால் 330 நாள் கூலி. முப்பது நாளுக்குள் நிர்வாகம் தர வேண்டியது. லயத்தைக் காலி செய்தால் தருகிறோம், தந்தால் காலி செய்கிறோம் என்று இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்பதால் வருசக்கணக்கில் இழுக்கிறது. தொழிலாளர் துறையில் மனு கொடுத்த நகல் கையில் இல்லாமல் மலையிறங்கக் கூடாது. இறங்கிய பிறகு தேனியிலிருந்து இடுக்கி அலுவலகத்துக்கு நடப்பது அந்த வயதில் நடக்கிற காரியமில்லை.

பிஎஃப் பென்சன்காரருக்கு இப்போது ஒரு சௌகரியம் உண்டு. 2025 ஜனவரியிலிருந்து நாட்டில் எந்த வங்கிக் கிளையிலும் அதை வாங்கலாம், மேலே வைத்திருந்த கணக்குக்காகப் பஸ் ஏற வேண்டியதில்லை. உயிர்ச்சான்று வருசத்துக்கு ஒரு தடவை, நவம்பர்தான் என்றில்லை, கொடுத்த தேதியிலிருந்து ஒரு வருசம் செல்லும். ரேகை விழாதவர்களுக்குப் போன் கேமராவில் முகத்தைக் காட்டியே எடுக்கலாம். ஆதாரில் ‘மாரியம்மாள்’, பிஎஃப் பதிவில் ‘மாரியம்மா’ என்றிருந்தால் அதை முதலில் திருத்த வேண்டும். எஸ்டேட் ஆபீசில் பெயரெழுதியவர் முப்பது வருசத்துக்கு முன்னால் காதில் விழுந்ததை எழுதியவர். திருத்தப் படிவத்தில் நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டியிருக்கும். எஸ்டேட்டே மூடிக்கிடந்தால் அந்த ஒப்புதலை யாரிடம் வாங்குவது என்பதற்குப் பிஎஃப் அலுவலகத்தில் தனி வழி இருக்கிறது. பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, லயத்து வீட்டு எண் இருக்கிற ஏதாவது ஒரு தாள், எதையும் பொங்கலுக்குப் பழையது கழிக்கும்போது எரித்துவிட வேண்டாம்.